பணம் போனவர்தான் புகார் தர வேண்டுமா?

2024 ஜூன் கடைசி வாரத்தில் ஒரு சமூக ஊடகத்தில் என் பெயரிலும் புகைப்படத்திலும் யாரோ போலிக் கணக்கு தொடங்கி, என்னிடம் படித்த மாணவர்களிடம் மருத்துவச் செலவுக்கென்று பணம் கேட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் 8,000 ரூபாய் அனுப்பிவிட்டு, சில நாள் கழித்து, "சார், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்திருந்தால் தொகையை முடக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த நேரம் கடந்துவிட்டது. முதல் தகவல் அறிக்கையின் நகல் என் கைக்கு வர ஏழு வாரங்கள் ஆயின.

காவல் நிலையத்தில் எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு, "உங்களுக்குப் பண இழப்பு ஏதும் இல்லையே சார், பணம் போனவர் அவர் ஊரில் புகார் கொடுக்கட்டும்" என்று திருப்பித் தந்தார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூன் முடிய அமலில் இருந்த 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், ஏமாந்தவர் பொருளைக் கொடுத்தாரா, அவருக்குக் கேடு விளைந்ததா என்றுதான் பார்த்தது. ஆள்மாறாட்டத்தைப் பற்றிய 416-ஆம் பிரிவோ, யாராக நடித்தார்களோ அவர் உண்மையான ஆளா, கற்பனை ஆளா என்பதே பொருட்டல்ல என்றது. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் சேர்த்த நற்பெயரைக் கொண்டு ஒருவன் பிச்சையெடுத்ததற்கு அந்தச் சட்டத்தில் பெயரே இருக்கவில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66சி பிரிவுதான் அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கியது. ஆனால் அச்சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க முடியும். இரண்டாம் முறை போனபோது ஆய்வாளர் திருவிழா பந்தோபஸ்தில் இருந்தார், மூன்றாம் முறை நீதிமன்றத்தில் இருந்தார். ஆய்வாளர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மனுவில் பிரிவு எண்களை எழுதாதீர்கள்; நடந்ததை மட்டும் தேதிவாரியாக எழுதினால் போதும், பிரிவைத் தீர்மானிப்பது காவல் துறையின் வேலை. குற்றம் ஜூனில், புகார் ஜூலையில் என்பதால் பிரிவுகளுக்குப் பழைய சட்டம், நடைமுறைக்கு ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டம் என்றாகி, நான் இருமுறை மாற்றி எழுத நேர்ந்தது. அந்தப் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற வேண்டும் என்கிறது. அதை அச்சிட்டு மனுவோடு இணைத்த பிறகுதான் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது.

நான் செய்த பெரிய தவறு, பதற்றத்தில் அந்தக் கணக்கைப் பற்றி உடனே நிறுவனத்துக்குப் புகார் அளித்தது. மறுநாளே கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. என்னிடம் மிஞ்சியவை கணக்கின் இணைய முகவரி தெரியாத இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகள். முழு முகவரியும் உரையாடலும் மாணவரின் கைபேசியில்தான் இருந்தன. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போதுதான் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் கட்டாயம் என்றாலும், நிலையத்தில் முதலிலேயே கேட்டார்கள். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி நான் கொண்டுபோன சான்றிதழ் செல்லவில்லை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப் படிவத்தில் 'அ' பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும், 'ஆ' பகுதியை ஒரு நிபுணரும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பைக் குறித்துக் கையொப்பமிட வேண்டும். கருவி மாணவருடையது என்பதால் அவர் ஒருநாள் விடுப்பெடுத்து வந்தார். கணினி ஆய்வகம் நடத்தும் நண்பர் நிபுணராகக் கையொப்பமிட்டார். ஆகவே, முதலில் முகவரியையும் தேதி தெரியும் திரைப்பதிவையும் சேமித்துக்கொண்டு, பிறகு நீக்கக் கோருங்கள்.

அதன் பிறகும் வழக்குப் பதிவாகவில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். எட்டாம் நாள் நிலையத்திலிருந்தே அழைத்து, 66சி, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி ஆகிய பிரிவுகளில் பதிவான அறிக்கையின் நகலைத் தந்தார்கள். புகார்தாரர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

நீக்கப்பட்ட கணக்கின் விவரங்களை நிறுவனம் 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அதில் ஏறத்தாழ ஐம்பது நாள்கள் அப்போதே கழிந்துவிட்டதால், விவரம் கோரும் கடிதம் போய்விட்டதா என்று வாரந்தோறும் நேரில் கேட்டு வந்தேன்.