கேட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கேபிள்

நவம்பர் 9

வெயில். வானிலை அறிக்கையிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணன் கோவையிலிருந்து கூப்பிட்டதும் கேட்ட முதல் கேள்வி, "செம்பரம்பாக்கம் எவ்வளவு?" அந்த ஏரி 24 அடியும் நிரம்பித் திறந்தால் தண்ணீர் அடையாற்றுக்குப் போகும். வேளச்சேரிக்கு வழி வேறு. எங்கள் தண்ணீர் வீராங்கல் ஓடையில் இறங்கி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர வேண்டும். மடுவில் தேங்கினால் தெருவில் ஏறும். இதை அண்ணனுக்கு எப்படிச் சொன்னாலும் நிற்பதில்லை.

நவம்பர் 11

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரை வந்தாள். படி ஏறக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

நவம்பர் 14

பழைய பாம் (Palm) கைக்கணினிக்குப் புது பேட்டரி, இரண்டு டிரிபிள் ஏ. பழையதை எடுத்துப் புதியதைப் போட ஒரு நிமிடம் போலத்தான் அவகாசம், அதற்குமேல் தாமதித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன்.

"கையில போன் இருக்கும்போது இது எதுக்குடி?" என்றாள் அம்மா. 2015 டிசம்பர் 1 ராத்திரி முதலில் கரண்ட் போனது, அப்புறம் டவர், அப்புறம் வீட்டில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக. 2023இலும் அதே வரிசை. 1998இல் வந்த இந்த பாம் த்ரீக்கு சார்ஜரும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். தெருமுனைக் கடை பேட்டரி போதும். அடிப்பக்கம் ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது, வேறு கருவியோடு கம்பியில் பேச. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்: கேட்டில் தண்ணீர் ஏறினால் கட்டில் பக்கத்தில் இது கத்த வேண்டும்.

நவம்பர் 15

கேட் தூணில் பிவிசி குழாய் கட்டியாகிவிட்டது. உள்ளே மிதவை, அதில் வளையக் காந்தம். குழாயின் வெளிப்பக்கம், காந்தம் கிட்டே வந்தால் இயங்கும் மூன்று ரீட் சுவிட்ச். 1 சாக்கடை மூடி மட்டம். 2 கேட் நிலை. 3 வாசல் முதல் படி. 2 விழுந்தால் அம்மாவை மாடிக்குத் தூக்க வேண்டும். 3 வரை காத்திருக்கக் கூடாது. 2015இல் 3இலிருந்து கட்டில் வரை ஏற எவ்வளவு நேரம் ஆனது என்பதை நான் மறக்கவில்லை.

தூணின் உச்சியில் பெட்டி. உள்ளே காலேஜில் பழகிய 8051 குடும்பத்து மைக்ரோகன்ட்ரோலர் சிப் 89எஸ்52, அதன் வோல்டேஜை சீரியல் கம்பிக்கு ஏற்ப மாற்றும் ஒரு மேக்ஸ் 232, பழைய யுபிஎஸ் பேட்டரி. மொத்தம் 35 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குக் கணக்குப்படி 200 மணி நேரம் வரும், பழையது என்பதால் பாதி என்றே வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 17

பாம் திரையில் குப்பை. எழுத்து வர வேண்டிய இடத்தில் கட்டமும் கோணல் குறியும். ஆனால் குப்பை வருகிறது என்றால் கம்பி பேசுகிறது என்று அர்த்தம், வேகம்தான் ஒத்துப்போகவில்லை. சிப்புக்குத் தாளம் போடும் கிரிஸ்டலை டார்ச் அடித்துப் பார்த்தேன். 11.0592 கேட்டு வாங்கினேன், தலையில் 12.000 என்று பொறித்திருக்கிறது. 11.0592 மெகாஹெர்ட்சை 12ஆல், 32ஆல், 3ஆல் வகுத்தால் பிசிறில்லாமல் விநாடிக்கு 9600 பிட், பாம் எதிர்பார்க்கும் வேகம். பன்னிரண்டை அப்படியே வகுத்தால் 10,416. எட்டு சதவீதத்துக்கு மேல் பிசகு. ஓர் எழுத்துக்குப் பத்து பிட், கடைசி பிட்டுக்கு வருவதற்குள் ஏறக்குறைய ஒரு முழு பிட் தள்ளிப் போய்விடும்.

அம்மாவுக்கு ராத்திரி வலி. தூங்கவில்லை.

நவம்பர் 18

ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். கடையிலேயே கிரிஸ்டலைத் திருப்பிப் பார்த்து வாங்கினேன்.

ராத்திரி பத்து மணிக்கு பாமில் "நிலை 0" என்று வந்தது, இங்கிலீஷில்தான். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாமை நிறுத்தி வைக்கும் கிரேடில் கம்ப்யூட்டரோடு பேசச் செய்தது, மேக்ஸ் 232 போர்டும் அப்படித்தான். இரண்டுமே 2ஆம் பின்னில் பேசும், 3ஆம் பின்னில் கேட்கும். நடுவில் 2ஐயும் 3ஐயும் குறுக்கே மாற்றினால்தான் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும். மல்டிமீட்டர் வைத்தால் பாம் சும்மா இருக்கும்போது மைனஸ் 5.6 வோல்ட். ஆர்எஸ்-232 என்கிற இந்த சீரியல் முறையில் மைனஸ்தான் 1. சிப்பின் பக்கம் அதே 1 பிளஸ் 5. நடுவில் மேக்ஸ் 232 இல்லாமல் நேராகக் கொடுத்தால் சிப் போய்விடும்.

நவம்பர் 20

அண்ணன். செம்பரம்பாக்கம்.

நவம்பர் 22

பாம் தூங்கிவிடுகிறது, இதுதான் இப்போது கவலை. தூங்கினால் சீரியலில் எது வந்தாலும் எழாது. தூங்காமல் வைத்து போர்ட்டையும் திறந்தே விட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தண்ணீர் எந்த ராத்திரி வரும் என்று யாருக்குத் தெரியும்?

தூங்குகிற பாமை வெளியிலிருந்து எழுப்புவது கிரேடிலில் உள்ள ஹாட்சிங்க் பட்டன், கம்ப்யூட்டரோடு தகவலை ஒத்துப்பார்க்க வைத்தது. கிரேடிலைத் திறந்து அதன் இரண்டு காலிலும் வயர் சால்டர் செய்து ஒரு குட்டி ரிலேவோடு சேர்த்தேன். நிலை மாறினால் 89எஸ்52 ரிலேயை இழுக்கும், பட்டன் அழுந்தியதாக பாம் நினைத்து எழும். எழுந்ததும் ஹாட்சிங்க்குக்குப் பதில் என் புரோகிராம் திறக்க வேண்டும். பிரிஃபரன்சஸில் பட்டன்ஸ் பகுதியில் அந்தப் பட்டனுக்கு வேறு புரோகிராமைக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். அதை யோசித்து வைத்தவர்களுக்குக் கோடி நமஸ்காரம்.

பீப் சத்தம் ரொம்ப மெல்லிசு. கிரேடிலை எவர்சில்வர் தாம்பாளத்தில் கவிழ்ந்த டம்ளர் மேல் வைத்தால் கணீரென்று கேட்கிறது. அம்மா கண்ணைத் திறந்து, "யாரு வந்திருக்கா?" என்றாள். போதும், இந்தச் சத்தம் போதும்.

நவம்பர் 25

நேற்றைய ஒரு மணி நேர மழைக்கே சாக்கடை மூடி நனைந்தது. லாரி ஒன்று போனபோது அலை அடித்து 1 விழுந்து எழுந்தது, பாம் கத்தியது. வண்டி அலைக்கெல்லாம் அம்மாவை எழுப்பக் கூடாது. 30 விநாடி விடாமல் மிதவை மேலேயே நின்றால்தான் சொல்ல வேண்டும் என்று மாற்றினேன்.

நவம்பர் 26

பிசியோதெரபிஸ்ட் வரவில்லை. அம்மா பேசவில்லை.

நவம்பர் 28

தாழ்வு மண்டலம். வேளச்சேரி மேம்பாலத்தில் இப்போதே கார்கள் வரிசையாக நிற்கின்றன. மாடி வீட்டு அக்கா ஒரு அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார். அவர் மகனும் எதிர்வீட்டுத் தம்பியும் காலி பிளாஸ்டிக் நாற்காலியைப் படியில் தூக்கிப் பார்த்தார்கள். திருப்பத்தில் நாற்காலியின் கால் சுவரில் இடிக்கிறது, பின்னால் பிடிப்பவர் அங்கே உயர்த்த வேண்டும். "நான் என்ன சாமியா, ஊர்வலம் கொண்டுபோக?" என்றாள் அம்மா. வாரக்கணக்கில் வராத சிரிப்பு.

நவம்பர் 29, மாலை

மழை நிற்கவில்லை. ஐந்தரைக்குக் கரண்ட் போனது. 0.

இரவு 9:40

1.

இரவு 11:15

1தான். அண்ணனிடமிருந்து அழைப்பு, பாதியில் துண்டித்துவிட்டது. போனில் 18 சதவீதம். பெட்டி வேலை செய்கிறதா என்று குடை பிடித்து கேட் வரை போய்ப் பார்த்தேன். தண்ணீர் மூடிக்கு மேல் நான்கு விரல், பாம் சொன்னது சரி.

12:50

தாம்பாளம் அடிக்கிறது. 2. தம்பியைக் கூப்பிடப் போகிறேன்.