இன்வாய்ஸ் மாடலுக்குள் என்னென்ன நடக்கிறது

9 ஜூன் 2025, திங்கள், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் விற்பனைச் செயலி எங்கள் கைக்கு வந்திருக்கிறது. லாராவெல்லில் (பிஎச்பி மொழியில் வெப் செயலி எழுதும் கட்டமைப்பு) எழுதியது. ஆண்டு விற்பனை 5 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் என்பதால் ஜூலை 1 முதல் அவருக்கும் இ-இன்வாய்ஸ் (விற்பனைச் சீட்டை வருமான வரி வாரியத்துக்கு மின்வழியில் அனுப்புவது) கட்டாயம்.

இன்வாய்ஸ் மாடலை (இன்வாய்ஸ் டேபிளைக் கையாளும் கிளாஸ்) திறந்தால், மாடல் தயாராகும்போது ஓடும் பூட்டட் மெத்தடுக்குள் வரிசையாகக் குளோஷர்கள், அதாவது பதிவைச் சேமிக்கும்போது எழும் நிகழ்வுகளுக்குத் தானாக ஓடும் பெயரில்லா ஃபங்ஷன்கள். எண் போடுவது, மொத்தம் கூட்டுவது, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது, எல்லாம் அங்கேயே. மிச்சம் கொஞ்சம், செயலி தொடங்கும்போது ஓடும் சர்வீஸ் புரொவைடரில். புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டார்: "அண்ணே, கன்ட்ரோலர்ல சேவ் மட்டும்தானே இருக்கு, வாட்ஸ்அப் எங்கேர்ந்து போகுது?" இதற்கு கோடே பதில் சொல்ல வேண்டும். இந்த வேலையே அதற்குத்தான்.

10 ஜூன், செவ்வாய்

குளோஷர்களை ஓர் அப்சர்வர் கிளாஸுக்கு (ஒரு மாடலின் நிகழ்வுகளை ஒரே இடத்தில் கவனிப்பது) மாற்றினோம். பதிவு செய்ய மாடலின் தலையிலேயே அப்சர்வ்ட்பை ஆட்ரிபியூட், அதாவது எந்த அப்சர்வர் என்று சொல்லும் குறிப்பு வரி. புரொவைடரில் எழுதினாலும் ஓடும், ஆனால் மாடலைத் திறந்ததும் கண்ணில் படுவது இதுதான்.

புதுப் பதிவில் சேவிங், கிரியேட்டிங் நிகழ்வுகள், பிறகு இன்சர்ட் (டேட்டாபேஸில் எழுதுவது), பிறகு கிரியேட்டட், சேவ்ட் என்று வரிசை. ஆகவே மொத்தம் கூட்டுவது சேவிங்கில், எண் போடுவது கிரியேட்டிங்கில். அங்கே ஃபால்ஸ் திரும்பினால் பதிவு சத்தமில்லாமல் ரத்தாகும், எரர் வராது. ஒரே வரியில் எழுதும் குளோஷரான ஆரோ ஃபங்ஷன், பதிவின் ஒரு ஃபீல்டில் ஃபால்ஸ் வைத்தால் அதையே திருப்பியும் விடும். அதனால் மாடல் நிகழ்வுகளுக்கு இனி ஆரோ ஃபங்ஷன் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

12 ஜூன், வியாழன்

பதிவு மாறியதும் எழும் அப்டேட்டட் நிகழ்விலேயே இன்வாய்ஸை வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்வாய்ஸை உறுதி செய்வதும் கையிருப்பைக் கழிப்பதும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் நடக்கின்றன: நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது. கமிட் ஆகும் (நிரந்தரமாகப் பதியும்) முன்பே அப்டேட்டட் எழுந்துவிடும். அரிசி மூட்டை போதாமல் அடுத்த வரியில் ரோல்பேக் ஆனால் நம் பதிவு பழைய நிலைக்குத் திரும்பும், வருமான வரி வாரியத்துக்குப் போனது திரும்பாது. ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம். நடக்காத விற்பனைக்கு அந்த வியாபாரி பதில் சொல்ல வேண்டிவரும்.

கமிட்டுக்குப் பிறகே ஓடச் சொல்லும் இன்டர்ஃபேஸ் ஒன்று அப்சர்வருக்கு இருக்கிறது. அதைச் சேர்த்தால் ட்ரான்சாக்‌ஷனுக்குள் அந்த கிளாஸின் எல்லா மெத்தடும் காத்திருக்கும். கிரியேட்டிங்கும்தான். இன்சர்ட் முடிந்த பிறகு எண் போட்டு என்ன பயன்? அதனால் இரண்டு அப்சர்வர். முதலாவது மாடலின் சொந்த மதிப்புகளை மட்டும் தொடும். கேஷ் (வேகத்துக்காக எடுத்துவைத்த நகல்) அழிப்பது போன்றவை இரண்டாவதில், கமிட்டுக்கு அப்புறம்.

வெளியே போகிற எதுவும் நிகழ்வில் இருக்காது. வாரியத்துக்கு அனுப்புவதும் வாட்ஸ்அப்பும் 'இன்வாய்ஸை உறுதிசெய்' என்ற, அந்த ஒரு வேலைக்கே உரிய ஆக்‌ஷன் கிளாஸில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படும், கமிட் ஆன பிறகு க்யூவுக்கு, அதாவது பின்னணி வேலை வரிசைக்கு, போகும். தம்பி இனி ஒரே கோப்பைத் திறந்தால் போதும்.

17 ஜூன், செவ்வாய்

கெடு தாண்டிய இன்வாய்ஸ்களைக் குறிக்கும் இரவு ஸ்கிரிப்ட், வேர் (where) நிபந்தனை போட்டு ஒரே அப்டேட்டில் முடிகிறது. மாடல்கள் எடுக்கப்படுவதே இல்லை என்பதால் எந்த நிகழ்வும் எழாது, கேஷும் அழியாது. ஸ்கிரிப்டிலேயே கேஷ் அழிக்கும் வரியைச் சேர்த்தோம்.

டெஸ்டில், நிகழ்வுகளைப் போலியாக்கித் தடுக்கும் ஈவென்ட் ஃபேக் போட்டதும் இன்வாய்ஸ் எண் காலியாக வந்தது, கிரியேட்டிங்கும் நின்றுபோனதால். முதலில் ஃபேக்டரி (சோதனைப் பதிவை உருவாக்குவது), பிறகு ஃபேக் என்று மாற்றியதும் சரியானது. நாளை ஆக்‌ஷன் கிளாஸுக்கு டெஸ்ட் எழுத வேண்டும், முதலில் ரோல்பேக் ஆகிற வழிக்கு.