சான்றிதழ் வாங்கிய பிறகு மலை எனக்குச் சொல்லிக்கொடுத்த ட்ரோன் பாடம்

ரிமோட் பைலட், அதாவது ட்ரோன் ஓட்டும் பயிற்சியை நான் சமவெளியில் முடித்தேன். தட்டையான மைதானம், நல்ல வெயில், ஓரத்தில் ஒரு வேப்பமரம். எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர், அப்புறம் மைதானத்தில் சதுரம், வட்டம், எட்டு போடுவது எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். சொந்த ஊர் கோத்தகிரி என்பதால் வந்த வாரமே மாமாவின் தேயிலைத் தோட்டத்தில் பறக்கவிட்டேன், மூன்றாவது நாள் ட்ரோன் சில்வர் ஓக் மரத்தில் மோதி விழுந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கல்யாணப் படப்பிடிப்பு, ஹோம்ஸ்டே வீடியோ என்று நிறையத் தம்பி தங்கைகள் இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறீர்கள். அந்த மூன்றாவது நாள் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். 2021 ட்ரோன் விதிகளை நிதானமாகப் படியுங்கள்: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், பிறகு எங்கே அனுமதி இல்லாமல் பறக்கலாம், எங்கே அனுமதி வேண்டும் என்று பிரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள், பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரம்பு. மைக்ரோ ட்ரோனை ஆசைக்குப் பறக்கவிட சான்றிதழ் தேவையில்லை, காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்தால் தேவை. இதெல்லாம் மனப்பாடத்தில் வந்துவிடும். ஜிபிஎஸ் உதவி இல்லாமல் கையாலேயே நிறுத்திப் பழகும் பகுதியை மட்டும் கடமைக்குச் செய்யாதீர்கள், கூடுதலாக நேரம் கேட்டு வாங்கிப் பழகுங்கள். இரண்டு பக்கமும் மலை உயர்ந்து நிற்கும் பள்ளத்தில் வானம் குறுகிப்போய் செயற்கைக்கோள் எண்ணிக்கை சட்டென்று இறங்கும், அப்போது கை பழகியிருக்க வேண்டும்.

சரி, அந்த மரத்துக்கு வருகிறேன். தோட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஏற்றி, எதிரே இருந்த மேட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறக்கினேன். திரையில் உயரம் 20 மீட்டர் என்று காட்டியது. மேடு குறுக்கே வந்ததும் சிக்னல் போய்விட்டது. சிக்னல் போனால் ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் 'ரிட்டர்ன் டு ஹோம்' வசதியின் உயரத்தை மைதானத்தில் வைத்தபடியே 40 மீட்டரில் விட்டிருந்தேன். ட்ரோனும் சொன்னபடி 40 மீட்டருக்கு ஏறி, என்னை நோக்கி நேர்கோட்டில் வந்தது. ஆனால் அந்த மேடு நான் நின்ற இடத்தைவிட 25 மீட்டர் உயரம், அதன்மேல் நின்ற சில்வர் ஓக் 20 மீட்டருக்கு மேல். எதிரே இருக்கும் தடையைக் கண்டு நிற்கவைக்கும் முன்பக்க சென்சார் என்னுடையதில் கிடையாது.

திரையில் தெரியும் உயரம் ட்ரோனுக்குக் கீழே இருக்கும் தரையிலிருந்து அளந்தது இல்லை, நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து அளந்தது. மைதானத்தில் இரண்டும் ஒன்று என்பதால் யாருக்கும் இது உறைப்பதில்லை. மலையில் ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்து, பறக்கப்போகும் பக்கத்தில் மிக உயரமான மரத்தின் உச்சி எது என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் இன்னும் 20, 30 மீட்டர் சேர்த்து வையுங்கள். சின்னப் பள்ளங்களில் நான் வேறு மாதிரி செய்கிறேன்: சிக்னல் போனால் திரும்பி வராமல் அந்தரத்திலேயே நிற்கும்படி அமைத்துவிடுவேன், மேட்டின் மேல் நடந்து ஏறினால் பெரும்பாலும் சிக்னல் திரும்பிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பாறை விளிம்பிலிருந்து ட்ரோனை நேராக வெளியே அனுப்புகிறோம், ஒரு அடிகூட ஏற்றவில்லை, ஆனால் கீழே தரை சில நூறு மீட்டர் இறங்கிவிடுகிறது. 120 மீட்டர் வரம்பு தரையிலிருந்துதான், ஆக விளிம்பைத் தாண்டியதுமே விதியையும் தாண்டிவிட்டோம்.

பேட்டரி விஷயத்தில் பள்ளத்தாக்கு ஏமாற்றும். மேலே நின்று கீழே இறக்கினால் போகும்போது சுகமாகப் போகும், சார்ஜ் குறைவதே தெரியாது. திரும்பும்போது அத்தனையும் ஏற்றம், பல நேரம் எதிர்காற்றும் சேரும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க இறக்கை இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஜனவரி மாதத்துக் காலைக் குளிர் வேறு, பேட்டரியின் உள்மின்தடை கூடி, ஏற்றத்தில் வோல்டேஜ் திடீரென்று சரியும். பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுபோங்கள், ஏற்றியதும் தலைக்கு மேலேயே ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். பாதி சார்ஜில் திரும்பிவிடுங்கள். கல்யாண வீட்டார் இன்னும் ஒரே ஒரு ஷாட் என்று கேட்பார்கள், இறக்கி பேட்டரி மாற்றிவிட்டு எடுத்துக் கொடுங்கள்.

காற்று வெயிலோடு மாறும். வெயில் ஏறினால் சரிவோரம் மேலேறும், பொழுது சாய்ந்தால் குளிர்ந்து கீழிறங்கும். மேட்டைத் தாண்டி வீசும் காற்று மறுபக்கத்தில் சுருண்டு விழும், அந்தப் பக்கம் ட்ரோனை மரங்களுக்கு ஒட்டிக் கொண்டுபோகவே கூடாது.

மூடுபனியை நான் தோட்டத்து அக்கா ஒருவரிடம் கற்றேன். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "தம்பி, கீழ பாருங்க, மூடிக்கிட்டு வருது" என்றார். மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏறி வந்தது, நான் இறக்கிக் கையில் எடுத்தபோது இறக்கைகளில் பொடிப்பொடியாக நீர்த்துளி, லென்ஸ் முழுக்க ஆவி. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விழுந்த விமானப்படை ஹெலிகாப்டர், பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்தது என்றுதான் முதற்கட்ட விசாரணை சொன்னது. தேர்ந்த விமானிகளுக்கே அந்த நிலை என்றால் நம் கையில் இருப்பது எம்மாத்திரம். பறக்கவிடும்போது பள்ளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடம் பார்ப்பதற்கு முன், மண்டலங்களைக் காட்டும் அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தை அன்றைக்கே பாருங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைப் பக்கம் நினைக்கவே வேண்டாம். முதுமலை, முக்குருத்தி, கொடைக்கானல் சரணாலயம் என்று காடு எதுவானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். பாறை விளிம்பில் குட்டியோடு நிற்கும் வரையாட்டை இந்தச் சத்தம் மிரளவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குந்தா, பைக்காரா மின்நிலையங்கள் உள்ள மலை இது, உயர் அழுத்தக் கம்பிகள் மலைக்கு மலை தாவிப் போகும். கம்பி திரையில் தெரியாது, கோபுரம் தெரியும். ஒரு கோபுரத்தைப் பார்த்தால் அடுத்த கோபுரத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே ஏற்றுங்கள்.

உயரமான மரக்கிளை, பாறையின் அடிவயிறு இரண்டையும் பைனாகுலரில் பாருங்கள், கறுப்பாகப் பலகை போல ஏதாவது தொங்கினால் அது மலைத்தேனீக் கூடு. ட்ரோன் கிட்டே போனால் கூட்டமே கிளம்பும், அது கொட்டுவது ட்ரோனை இல்லை, பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஆட்களை.