புடவை மறைத்த எருமைத்தலை

வரலாற்றில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். வாங்கியிருந்தேன். ஐந்து வருடம் உதவித்தொகை வரும், அதற்குள் முனைவர் பட்டத்தை முடித்துவிடலாம் என்று கணக்கு. ஏழு வருடம் ஆனது.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதத்தான் ஆசை. "அதை நிறையப் பேர் எழுதிட்டாங்க, நீ புள்ளமங்கைக்குப் போ" என்றார் நெறியாளர். தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் பசுபதிகோயிலில் இருக்கிறது, சம்பந்தர் பாடிய புள்ளமங்கை ஆலந்துறையார் கோயில். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், குட்டிக் குட்டியாக ராமாயணச் சிற்பங்கள். படம் எடுக்கத் தரையோடு தரையாகப் படுக்கவேண்டும். முதல் நாளே சட்டை பாழ்.

கோயிலின் காலத்தை முடிவு செய்வதுதான் பெரும்பாடு. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். கல்வெட்டில் வெறும் 'கோப்பரகேசரி' என்றிருந்தால் முதலாம் பராந்தகனா, உத்தம சோழனா? 'மதிரை கொண்ட', அதாவது மதுரையை வென்ற, என்று முன்னால் இருந்தால் பராந்தகன் என்று நிம்மதியாக மூச்சு விடலாம். இல்லையென்றால் எழுத்தின் வடிவம், தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, சிலையின் இடைக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

வடபுறச் சுவர் மாடத்துத் துர்க்கையிடம் மாட்டிக்கொண்டேன். எருமைத்தலை மேல் நிற்பவள். ஆனால் தலையும் தெரியவில்லை, பாதமும் தெரியவில்லை, எல்லாம் பட்டுப்புடவைக்குள். அனுமதிக் கடிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு மாதம் நடந்திருந்தேன். குருக்கள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "செவ்வாய்க்கிழமை அபிஷேகத்துக்கு வாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

போனேன். புடவையைக் களைந்து, எண்ணெய் பூசுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்றார். கொம்பின் வளைவும், மூடியும் மூடாமலும் இருந்த எருமைக் கண்ணும் அப்போதுதான் தெரிந்தன. ஃபிளாஷ் போடவில்லை, பக்கவாட்டில் ஒரு டார்ச்சைப் பிடித்தால் உளி போன தடம்கூடத் தெரியும். அப்புறம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1956 முதல் சேர்த்துவைத்திருக்கும் கருப்பு வெள்ளைக் கோயில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே ஒரு கோடை முழுக்கப் போனது.

ஐந்தாம் வருடத்தோடு உதவித்தொகை நின்றது. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ராத்திரியில் ஆய்வேடு.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டார்: "நானூறு பக்கத்தில் புடவையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? ஊர்க்காரர்கள் பார்க்கும் துர்க்கை அதுதானே?" திணறிவிட்டேன். பட்டம் கொடுத்துவிட்டார்கள், சரி. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை அந்தப் புடவையைப் பற்றித்தான். குருக்களிடம் கேட்டேன், யார் சாத்துகிறார்கள் என்று. ஒரு நோட்டை எடுத்து நீட்டினார், தேதிவாரியாகப் பெயர்கள்.