போர்ட்ஸ்மவுத்: மூன்று கப்பல், மூன்று மரம்

இங்கிலாந்தின் தென்கரைக் கடற்படை ஊர் போர்ட்ஸ்மவுத். மேரி ரோஸ், விக்டரி, வாரியர் என்ற மூன்று பழைய போர்க்கப்பல்களை அங்கே பார்க்கலாம். ரயிலில் போகிறவர்கள் ஏமாறுவது இறங்கும் இடத்தில்தான். ஊர்ப் பெயரோடு இரண்டு நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ‘போர்ட்ஸ்மவுத் அண்ட் சவுத்ஸீ’ என்ற பலகையைக் கண்டதும் இறங்கிவிட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், இல்லையென்றால் டாக்ஸிக்குத் தண்டம் அழ வேண்டும். தண்டவாளம் முடிகிற இடம்வரை போங்கள். அதுதான் ‘ஹார்பர்’ நிலையம். கடல்மேல் தூண்கள் நட்டுக் கட்டியது. வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் வாரியர் கப்பலின் பாய்மரங்கள் தெரியும்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வார நாள் காலைக் கூட்ட நேரக் கட்டணம் பர்ஸைக் காலி செய்யும். சனி, ஞாயிறு போவதே நல்லது. கையில் காசு குறைவென்றால் விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து பஸ். நேரம் கூடுதல், ஆனால் துறைமுக வாசலிலேயே இறக்கிவிடும்.

கப்பல்கள் நிற்கும் பழைய கடற்படைத் துறைக்கு நுழைவுச்சீட்டு மலிவில்லை. மேரி ரோஸ் அருங்காட்சியகம் தனி அறக்கட்டளையின் கையில் இருப்பதால், வாங்கும் சீட்டில் அது அடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதை விட்டுவிட்டு வந்தால் இந்த ஊருக்கு வந்ததே வீண்.

கப்பல்களைக் கட்டிய கால வரிசையில் பாருங்கள். முதலில் மேரி ரோஸ். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் கப்பல், 1545 ஜூலை 19 அன்று கரைக்கு எதிரிலேயே மூழ்கியது. சுமார் 500 பேரில் தப்பியவர்கள் 35 பேர்கூட இல்லை. வலப்புறம் சாய்ந்து சேற்றில் புதைந்ததால் அந்தப் பாதி மட்டும் பிழைத்தது. சேற்றுக்குள் காற்று புகாது, மரம் தின்னும் புழுவும் வராது. மேலே நீட்டிக்கொண்டிருந்த மறுபாதி அரித்துப் போய்விட்டது. 1982-ல் தூக்கிய பிறகும் மரத்தை அப்படியே உலர விடவில்லை. நீர் ஆவியானால் செல்கள் சுருங்கிப் பலகை வெடித்துவிடும். அதனால் முதலில் குளிர்ந்த நீர், பிறகு நீரின் இடத்தை நிரப்பும் மெழுகுக் கரைசல் என்று 2013 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே வெளிச்சம் மங்கல், குளிரும் உண்டு. மேல்சட்டை வேண்டும். பேன்சீப்பு, அம்பு, அறுவை மருத்துவரின் பெட்டி எல்லாம் அப்படியே கிடைத்திருக்கின்றன. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது விக்டரி. 1765-ல் நீரில் இறங்கியது, 104 பீரங்கி, 1805-ல் டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர்விட்ட கப்பல். கம்பீரமான பாய்மரக் காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முதன்மைப் பாய்மரத்தை 2021-ல் கழற்றிவிட்டார்கள், பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டியிருக்கிறது. இருந்தாலும் போங்கள். காளானும் வண்டும் தின்ற ஓக் பலகைகளைப் பெயர்த்துப் புதிதாகப் பொருத்தும் வேலையைக் கண்ணெதிரே பார்ப்பது வேறெங்கும் கிடைக்காது. கப்பல் நிற்கும் உலர்துறைக்குள் (நீரை வடித்துவிட்ட பள்ளம்) இறங்கிக் கப்பலின் அடியில் நிற்கவும் முடிகிறது. பளுவை அளக்கும் எஃகுத் தாங்கிகள் நூற்றுக்கு மேல் அந்த உடலைச் சுமக்கின்றன. கீழ்த்தளங்களில் உத்தரம் தலையில் இடிக்கும், ஏணிப்படி செங்குத்து. முதுகுப்பையோடு ஏறவே கூடாது.

கடைசியில் 1860-ல் நீரில் இறங்கிய வாரியர். வெளியே நாலரை அங்குல இரும்புக் கவசம், அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. ஏன் தேக்கு? ஓக்கில் உள்ள டானின் அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய் இரும்பையும் காக்கும், மரத்தையும் காக்கும். இதை நம் கப்பல் தச்சர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். மும்பையில் வாடியா குடும்பம் தேக்கில் கட்டி 1817-ல் இறக்கிய போர்க்கப்பல் இதே துறைமுகத்தில் 1986 வரை பயிற்சிக் கப்பலாக நின்றது. கட்டியபோது அதற்கு இட்ட பெயர் திரிகோணமலை! வடக்கே ஹார்ட்டில்பூலில் சீரமைத்த வாரியர் 1987-ல் இங்கே வந்தது. அதே ஆண்டு திரிகோணமலை ஹார்ட்டில்பூலுக்குப் போனது. வாரியரைச் செப்பனிட்ட கைகளே அதையும் செப்பனிட்டன.

சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கன்வார்ஃப் வணிக வளாகம் வேண்டாம், எங்கும் கிடைக்கும் அதே சங்கிலிக் கடைகள். மீன் வறுவலும் உருளைச் சிப்ஸும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு பழைய ஊரின் ‘ஹாட் வால்ஸ்’ மதிலுக்குப் போங்கள். மதிலேற, பக்கத்து வட்டக் கோபுரத்தில் ஏற, காசில்லை. துறைமுக வாய் அங்கே குறுகலாக இருப்பதால் கப்பல்கள் கைக்கெட்டும் தூரத்தில் போவதுபோல் இருக்கும். சுவரை ஒட்டி உட்காருங்கள், முதுகுப் பக்கம் திறந்திருந்தால் கடற்காக்கை சிப்ஸைப் பறித்துவிடும்.

மிச்ச நேரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய துறையிலிருந்து எதிர்க்கரை ஊரான காஸ்போர்ட்டுக்குப் படகு ஏறுங்கள். சில நிமிடப் பயணம்தான். 65,000 டன் விமானந்தாங்கி ஏதாவது துறையில் நின்றால், இந்தச் சில்லறைக் கட்டணத்திலேயே நீர்மட்டத்திலிருந்து அதைப் பார்த்துவிடலாம். அக்கரையில் கால் மணி நடையில் அலையன்ஸ் நீர்மூழ்கி கரையேற்றி வைக்கப்பட்டிருக்கிறது. திரிகோணமலையைப் பார்க்க ஹார்ட்டில்பூலுக்கு லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேரடி ரயில் உண்டு. அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.