1964-ஆம் ஆண்டின் நான்கு படங்களும் ஒரு பழைய ரிக்கார்டு பிளேயரும்

பழைய படம் ஒரு பைத்தியம், பழைய ராக் இசை இன்னொரு பைத்தியம் என்று வீட்டில் என்னைக் கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே ஹாலில், ஒரே ஆம்ப்ளிஃபயரில் சேர்க்கும் வேலை ஒருவழியாக ஓடத் தொடங்கியிருக்கிறது. மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் இதற்குச் சாமான் கடை கிடையாது. ஆனால் ரிக்கார்டுகளுக்குப் பஞ்சமில்லை. தோட்டங்களில் பால்மரங்கள் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தபோது லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டு டவுன் பக்கம் வந்தவர்கள், பாத்திர பண்டங்களோடு ரிக்கார்டுப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேட்டால் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொடுப்பார்கள், தூசியோடு.

1964-இல் வந்த படங்களையும் அந்தக் காலத்து ரிக்கார்டுகளையும் மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அந்த ஓர் ஆண்டில் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. சிவாஜியின் ‘புதிய பறவை’ வந்தது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லீ எடுத்த ‘தீகா அப்துல்’ வந்தது. லண்டனில் பீட்டில்ஸ் ராக் குழுவை வைத்து ரிச்சர்ட் லெஸ்டர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ‘எ ஹார்ட் டேஸ் நைட்’, அதுவும் அதே ஆண்டுதான். சென்னை, சிங்கப்பூர், லண்டன் மூன்றிலும் அப்போது கிட்டார் புகுந்துவிட்டது. அதைக் காதால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பிளேயர் ஈப்போ ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. தவுக்கே (கடைக்காரர்) இருநூறு வெள்ளி கேட்டார், நூற்றிருபதுக்குப் படிந்தது. உள்ளே பெல்ட் உருகித் தாராகி மோட்டாரின் கப்பியில் ஒட்டிக்கிடந்தது. நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் பெல்ட்டுகள் இப்படித்தான் போகும். ஆல்கஹால் நனைத்த துணியால் கப்பியைத் துடைத்து, புதுப் பெல்ட் மாட்டி, சுழல்தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் தட்டு சத்தமில்லாமல் சுற்றியது.

சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. வட்டக் காகிதத்தில் சம இடைவெளியில் 180 கோடுகள் போட்டுத் தட்டின்மேல் வைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்றுகிறது என்று அர்த்தம். எல்இடி பல்புகள் பலவற்றில் இது எடுபடாது. அதனால் பின்கட்டில் இருக்கும் பழைய டியூப்லைட்டின் கீழே பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனேன். கோடுகள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. மோட்டாரின் அடியில் இருந்த சின்னத் திருகை ஒரு கால் சுற்று திருப்பியதும் நின்றன. டி. எம். எஸ். குரல் டி. எம். எஸ். குரலாகவே வந்தது.

புது ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ரிக்கார்டுக்கென்று தனி வழி இருக்காது. முள்ளிலிருந்து வரும் மின்னழுத்தம் ஐந்து மில்லிவோல்ட் அளவுதான். அது போதாதென்று, ரிக்கார்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சிறு பெட்டி வேண்டும். அது இல்லாமல் கேட்டால் பாட்டு தகரத்தில் ஆணி கீறுவதுபோல இருக்கும். பெட்டியைப் போட்ட பிறகுதான் பேஸ் கிட்டார் ஹாலுக்குள் வந்தது.

ரிக்கார்டு கழுவுவது தனிக் கலை. இங்கே ஈரப்பதம் அதிகம், உறையைத் திறந்தாலே வெள்ளைப் பூஞ்சை. காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப், மெல்லிய துணி, பள்ளம் ஓடும் திசையிலேயே துடைப்பு, அப்புறம் வெறும் நீரில் ஓர் அலசல். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. தட்டுகளைச் சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிற்கவைத்துக் காயவிட்டேன். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இதைவிடப் பெரிய பலன் தந்தது ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ‘மோனோ’ பொத்தான். மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. மோனோ ரிக்கார்டில் பாட்டு முழுவதும் முள்ளின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் கீறலும்தான். பொத்தானை அழுத்தி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் மேல் கீழ் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும், பாட்டு நிற்கும். இப்போது இணையத்தில் பழைய பாட்டுகளைப் பிரித்து எடுத்து ‘ஸ்டீரியோ’ ஆக்கிப் போடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஓர் அறையில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவர்களை ஏன் ஆளுக்கொரு மூலையில் தள்ள வேண்டும்?

படம் பக்கம் வேலை குறைவு. பழைய புரொஜெக்டர், வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். பழைய தமிழ், மலாய்ப் படங்கள் பெரும்பாலும் நாலுக்கு மூன்று அளவுச் சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டால் நாகேஷ்கூடக் குண்டாகிவிடுவார். இழுக்கும் வசதியையும், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் முதலில் அணைக்க வேண்டும். படத்தின் ஒலியை அதே ஆம்ப்ளிஃபயரில் மோனோவாகவே விட்டேன்.

‘காதலிக்க நேரமில்லை’ போட்ட அன்று பெரியப்பா வந்திருந்தார். அவர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். படத்தில் பாலையா எஸ்டேட் முதலாளி. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன் முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்று ஆடிப் பாடுகிறார். பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நம்ம துரை பங்களா முன்னால இப்படி ஒரு கூடாரம் போட்டிருந்தா, மறுநாள் போலீஸ் ஜீப்புதான்டா வந்திருக்கும்” என்றார். எனக்கு அந்தக் காட்சியில் காது வேறு எங்கோ இருந்தது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி அந்தப் பாட்டில் தாளத்தை எப்படி முன்னால் தள்ளியிருக்கிறார்கள் என்று டிவி ஸ்பீக்கரில் எனக்குத் தெரிந்ததே இல்லை. போராட்டக் கோஷத்தை ஆட்டமாக்கியது அந்தத் தாளம்தான்.

‘தீகா அப்துல்’ கற்பனை நாடான இஸ்கெதம்போலாவில் நடக்கிறது. குல்லாய் போட்டவர்களுக்கு நடுவில் பி. ரம்லீ ‘புன்யி கீத்தார்’ பாடுகிறார், சுத்தமான ட்விஸ்ட் ஆட்டப் பாட்டு. இதற்குப் பின்னணி உண்டு. 1961-இல் ஆங்கிலேயப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய கிட்டார் குழுவான தி ஷாடோஸும் சிங்கப்பூரில் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் இந்தப் பக்கத்து இளைஞர்கள் கையில் எலக்ட்ரிக் கிட்டார் ஏறியது. பாப் யே யே என்ற மலாய் ராக் அலை எழுந்தது. பி. ரம்லீயின் மெல்லிசையை அந்த அலை பின்னுக்குத் தள்ளியது என்று சொல்வார்கள். ஆனால் இந்தப் பாட்டைக் கேட்டால் மனிதர் அலைக்குப் பயந்தவராகத் தெரியவில்லை. “அந்தப் பாட்டையே மறுபடியும் போடுடா தம்பி” என்று பெரியப்பா கேட்டது இதற்கு மட்டும்தான்.

பீட்டில்ஸ் படத்தின் முதல் நொடியில் ஒரு கிட்டார் அடி வரும். ஜார்ஜ் ஹாரிசனின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டார் அதில் இருக்கிறது. பெரிய ஸ்பீக்கரில் அது கிட்டார் மட்டும் இல்லை என்று தெரிகிறது, அடியில் கனமாக வேறு ஏதோ சேர்ந்து ஒலிக்கிறது. அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோ என்பார்கள். படத்தின் மற்ற வேடிக்கைகள் வீட்டில் யாருக்கும் ஒட்டவில்லை, நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன்.

‘புதிய பறவை’யில் ராக் கிடையாது. இருந்தாலும் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கதாநாயகனை விட மனம் வரவில்லை. ‘எங்கே நிம்மதி’ தொடங்கியபோது அவ்வளவு பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு என் ஸ்பீக்கர் கொஞ்சம் திணறியது. சத்தத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இடது பக்கம் ஒரு மெல்லிய ‘ம்ம்ம்’ இரைச்சல் இன்னும் போகவில்லை. பிளேயரின் எர்த் கம்பியை ப்ரீஆம்ப் திருகில் இறுக்கியதும் பாதி குறைந்தது. மீதி, பக்கத்தில் இருக்கும் ரவுட்டரின் அடாப்டராக இருக்கலாம், நகர்த்திப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பெட்டி 78 ரிக்கார்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ரிக்கார்டு கொடுத்திருக்கிறார். அரக்குத் தட்டுகள், கனமானவை, ஆல்கஹாலைக் காட்டினால் கரைந்துவிடும். அவற்றின் பள்ளம் அகலம், அதற்குத் தனி முள் வேண்டும், ஆர்டர் போட்டாயிற்று. என் பிளேயரில் 78 வேகம் இல்லை. 45-இல் ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்து, 1.733 மடங்கு வேகமாக்கினால் சரியாகிவிடும். எல்பிக்கான (33 சுற்று ரிக்கார்டுக்கான) ப்ரீஆம்ப் வழியாக எடுப்பதால் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் கணினியிலேயே திருத்த வேண்டும். முள் வந்ததும் முதலில் எந்தத் தட்டைப் போட வேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டார், பாகவதராம்.