ஏஐ-யிடம் புல்லைக் கேளுங்கள், டைல்செட்டைக் கேட்காதீர்கள்

கேமில் தரையைப் பக்கம் பக்கமாக அடுக்கி உருவாக்கும் சின்னச் சதுரப் படங்கள்தான் டைல்கள்; அவற்றின் தொகுப்பு டைல்செட். "32×32 பிக்சல் புல்வெளி டைல்செட்" என்று ஏஐ-யிடம் எழுதிக் கொடுத்தால் பார்வைக்கு அழகான படம் வந்துவிடும். கட்டம் கட்டமாகப் புல், மண், தண்ணீர், ஓரத்தில் நாலு மரம். அதை 32-ஆல் வெட்டிக் கேம் எஞ்சினில் ஏற்றினால் ஒரு டைல்கூடப் பக்கத்து டைலோடு ஒட்டாது. கட்டங்களின் அகலமே ஒன்றுபோல் இருக்காது. மண்ணும் புல்லும் சேரும் கோடு ஒரு டைலில் பத்தாவது பிக்சலில் முடியும், அடுத்த டைலில் பதினெட்டாவதில் தொடங்கும்.

ப்ராம்ப்ட்டை, அதாவது ஏஐ-க்கு எழுதும் குறிப்பை, எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரியான படம் வரையும் ஏஐ மாடல்கள் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. 512×512 படத்தை 64×64 ஆகச் சுருக்கிய ஓர் உள்வடிவத்தில்தான் முழு வேலையும் நடக்கிறது. கடைசியில்தான் அது படமாக விரிகிறது. பக்கத்துக்கு 8 மடங்கு சுருக்கம் என்றால், 32 பிக்சல் டைல் அங்கே வெறும் 4×4 புள்ளி. அதற்குள் விளிம்பைத் துல்லியமாக வைக்க இடமே இல்லை.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். புல், மண், கல் என்று பரப்பை மட்டும் ஏஐ-யிடம் வாங்குங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெரிய படமாக. விளிம்பும் மூலையும் நம் கைவேலை.

பரப்புக்கான ப்ராம்ப்ட்டில் நான்கு விஷயம் போதும்: ஒரே பொருள், நேர் மேலிருந்து பார்க்கும் கோணம், சீரான வெளிச்சம், நெருக்கக் காட்சி. கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 512 படத்தை 32-க்குச் சுருக்கும்போது 16×16 பகுதி ஒரே பிக்சலாகிறது. புல் இதழ் 10 பிக்சல் அகலமே இருந்தால் சுருக்கியபின் காணாமல் போய் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். 40, 50 பிக்சல் அகலமாவது இருக்கட்டும்.

அடுத்து, நான்கு ஓரமும் எதிர் ஓரத்தோடு பொருந்த வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கப் பயன்படும் ஆட்டோமேட்டிக்1111 வெப்யூஐயில் 'டைலிங்' என்று ஒரு தேர்வு உண்டு. படத்தின் ஓரத்துக்கு அப்பால் வெறுமை இருப்பதாகக் கணக்கிடாமல், எதிர்ப்பக்கம் தொடர்வதாகக் கணக்கிட வைப்பதுதான் அதன் வேலை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, அதன் பெரிய வடிவமான எஸ்டிஎக்ஸ்எல் இரண்டிலும் கன்வல்யூஷன் அடுக்குகள் (ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளோடு சேர்த்துக் கணக்கிடுபவை) இருப்பதால் இது எடுபடும். வேறு அமைப்பில் இயங்கும் ஃப்ளக்ஸ் போன்ற ட்ரான்ஸ்ஃபார்மர் மாடல்களில் இந்த வித்தை பலிக்காது.

அங்கே ஆஃப்செட் வழிதான். கிம்ப் என்ற பட எடிட்டரில் படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதி, அதாவது 256 பிக்சல், சுற்றி நகர்த்துங்கள். ஓரங்கள் நடுவுக்கு வந்து கூட்டல் குறிபோல் ஒரு வெட்டுத் தெரியும். அதன்மேல் 60 பிக்சல் அகலத்துக்கு மாஸ்க் போட்டு (மாற்ற வேண்டிய பகுதியைக் குறித்து) இன்பெயின்ட் செய்தால், அதாவது அந்தப் பகுதியை மட்டும் ஏஐ-யை மறுபடி வரையச் சொன்னால், வெட்டு மறையும். இங்கேதான் எல்லாரும் வழுக்குவது: கூட்டல் குறியின் நான்கு முனைகளும் படத்தின் ஓரத்தைத் தொடுகின்றன. முனை வரை மாஸ்க் போட்டால், இவ்வளவு நேரம் பொருந்தியிருந்த ஓரம் அந்த இடத்தில் புதிதாக உடையும். ஓரத்துக்கு 16 பிக்சல் முன்பே மாஸ்க்கை நிறுத்துங்கள். பிறகு அகலவாக்கில் மட்டும் 256 நகர்த்தினால் மிச்சமிருந்த ஒரு சின்னத் துண்டு நடுவில் வந்து நிற்கும்; அதைச் சரிசெய்யுங்கள். இரு திசையிலும் இன்னொரு முறை 256 நகர்த்தினால் மற்றத் துண்டும் நடுவுக்கு வரும். மூன்று இன்பெயின்ட்டில் முடிந்துவிடும்.

இப்போது சுருக்கம். நேரடியாக 'நியரஸ்ட்' முறையில் சுருக்கினால் 256 பிக்சலில் ஏதோ ஒன்றை எடுத்து மற்றதை எறிந்துவிடும், புள்ளி புள்ளியாக இரைச்சல் மிஞ்சும். 'லீனியர்' என்றால் மங்கலான இடைநிறங்கள் முளைக்கும். முதலில் மீடியன் ப்ளர் (ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றுப்புறத்தின் இடைநிலை நிறத்தைக் கொடுக்கும் ஃபில்டர்), 6 அல்லது 7 பிக்சல் ஆரம். அதன்பின் நிறங்களைக் குறைத்து, கடைசியில் நியரஸ்ட்டில் சுருக்குவது நல்லது. ஆனால் ப்ளர் படத்தின் ஓரத்தில் எதிர்ப்பக்கத்தைப் பார்க்காது. அதனால் படத்தை 3×3 ஆக அடுக்கி, ப்ளர் செய்து, நடுப்படத்தை மட்டும் வெட்டி எடுங்கள். இதை மறந்தால் அரைமணி நேர ஆஃப்செட் வேலை வீண்.

நிறங்களை ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் குறைக்கக் கூடாது. கேம் முழுவதற்கும் ஒரே பேலட் (நிறத் தொகுப்பு). பிகோ-8 என்ற குட்டிக் கேம் கன்சோல் மென்பொருளின் 16 நிறங்களோ நீங்களே தேர்ந்த 24, 32 நிறங்களோ எதுவானாலும் சரி. ஏஐ தனித்தனியாகத் தரும் புல்லும் மரமும் இரண்டு வேறு பச்சையில்தான் வரும். அவற்றை ஒரே ஊர்க்காரர்களாக்குவது பேலட் மட்டுமே. பிக்சல் ஓவிய மென்பொருளான ஏஸ்ப்ரைட்டில் இன்டெக்ஸ்டு முறைக்கு (பேலட்டில் உள்ள நிறங்கள் மட்டும்) மாற்றுங்கள், டிதரிங் (இரு நிறப் புள்ளிகளைக் கலந்து இடைநிறம் காட்டுவது) வேண்டாம்.

டைல் கிடைத்ததும் 8×8 ஆக அடுக்கிப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது அழகாக இருந்த மஞ்சள் பூ, 64 முறை ஒரே இடைவெளியில் வந்தால் கண்ணை உறுத்தும். கண் பிடிக்கும் எதையும் அடிப்படை டைலிலிருந்து நீக்கி, தனி அலங்கார ஸ்ப்ரைட்டாக (குட்டிப் படமாக) மேல்லேயரில் தூவுங்கள். ஓரத்தில் 3 பிக்சலைத் தொடாமல் உள்பகுதியை மட்டும் மாற்றி மூன்று மாற்று டைல்கள் செய்துகொள்ளலாம். கோடோ (Godot) கேம் எஞ்சின், டைல்டு (Tiled) எடிட்டர் இரண்டிலும் டைலுக்கு நிகழ்தகவு கொடுக்கலாம்: அடிப்படைக்கு 1, மாற்றுக்கு 0.1.

இனி புல்லும் மண்ணும் சேரும் இடம். எட்டுத் திசை அண்டைகளையும் கணக்கில் எடுத்தால் 47 டைல் தேவை. மூலைகளை மட்டும் கணக்கிட்டால், ஒவ்வொரு மூலையும் புல் அல்லது மண் என்பதால், 2-இன் நான்காம் அடுக்கு, அதாவது 16. முழுப் புல்லும் முழு மண்ணும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மிச்சம் 14-ஐயும் சுழற்சியை நீக்கிப் பார்த்தால் நாலே வடிவம்: ஒரு மூலை, அடுத்தடுத்த இரு மூலை, எதிரெதிர் இரு மூலை, மூன்று மூலை. இந்த நாலையும் கறுப்பு வெள்ளை மாஸ்க்காகக் கையால் வரையுங்கள்; வெள்ளையில் புல்லும் கறுப்பில் மண்ணும் வரும். நடுவில் கோடு எப்படி வேண்டுமானாலும் நெளியட்டும். டைலின் ஓரத்தைக் கடக்கும் இடம் மட்டும் எப்போதும் 16ஆம், 17ஆம் பிக்சலுக்கு இடையில் இருக்க வேண்டும். டைல்கள் ஒட்டுவதற்கான ரகசியம் இந்த ஒரு விதிதான்.

பிறகு மாஸ்க்கை மட்டும் சுழற்றுங்கள், பரப்பைச் சுழற்ற வேண்டாம். தயாரான டைலைச் சுழற்றினால் வெளிச்சம் ஒன்றில் மேலிருந்தும் இன்னொன்றில் பக்கவாட்டிலிருந்தும் விழும். 14 மாஸ்க்கும் வந்தபின், புல்லின் தெற்கு விளிம்பில் 2 பிக்சல் கருநிழலைக் கையால் சேர்த்தால் புல் சற்றே உயர்ந்து நிற்கும். மொத்த டைல்செட்டுக்கும் உயிர் வருவது இந்த நிழலில்தான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஐசோமெட்ரிக் (சாய்கோணப் பார்வை) கேமுக்கும் இதே பரப்பு போதும்: 45 டிகிரி சுழற்றி, உயரத்தைப் பாதியாக்கினால் 2:1 சாய்சதுரம் கிடைக்கும். சுருக்குவதற்கு முன்னால், பெரிய படத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். ஐசோமெட்ரிக்காகவே ஏஐ-யிடம் கேட்டால் கோணம் படத்துக்குப் படம் மாறும்.

எஞ்சினில் ஏற்றியபின் டைல்களுக்கு நடுவே மெல்லிய கோடு மின்னினால் பழி டைல்மேல் இல்லை. பக்கத்து டைலின் நிறம் கசிகிறது. யூனிட்டி எஞ்சினில் ஃபில்டர் 'பாயின்ட்', கம்ப்ரெஷன் 'நன்', ஒரு யூனிட்டுக்கு 32 பிக்சல். கோடோவில் ஃபில்டர் 'நியரஸ்ட்'. அப்படியும் போகாவிட்டால் ஒவ்வொரு டைலின் ஓரப் பிக்சலையும் ஒரு வரிசை வெளியே நீட்டி அட்லஸை (எல்லா டைல்களும் சேர்ந்த ஒரே படத்தை) மறுபடி அடுக்குங்கள்.

ஸ்டீம் கேம் கடையில் வெளியிடுவதாக இருந்தால் ஏஐ பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்த விதியை அறிவித்தது. அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தின் 2023 மார்ச் வழிகாட்டுதலின்படி மனிதர் படைத்த பகுதிக்கு மட்டுமே பதிப்புரிமை. ஆகவே கையால் வரைந்த மாஸ்க், நிழல், பேலட் கோப்புகளை ஏஐ தந்த மூலப் படங்களோடு கலக்காமல் தனி ஃபோல்டரில், லேயர்களை இணைக்காமல் வைத்திருங்கள்.